பெரிய பாக்கெட் வாங்கியும் செலவு குறையவில்லையே!

கேள்வி: மதுரை திருநகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் சம்பளம் 24,000 ரூபாய். கையில் பத்து மாதக் குழந்தை என்பதால் நான் வேலைக்குப் போகவில்லை. மளிகை, சோப்பு, துவைக்கிற பவுடர், டயப்பர் என்று மாதம் 9,000 ரூபாய்க்கு மேல் போய்விடுகிறது. மொத்தமாக வாங்கினால் குறையும் என்று சூப்பர் மார்க்கெட்டில் எல்லாவற்றையும் பெரிய பாக்கெட்டாகத்தான் எடுக்கிறோம். அப்படியும் குறையவில்லை. மொத்த மளிகைக் கடைகள் இருக்கும் கீழமாசி வீதிக்குப் போய் வாங்கினால் கட்டுப்படியாகுமா? டயப்பரே வேண்டாம், துணி போதும் என்கிறார் மாமியார். தெருவில் சைக்கிளில் வரும் பினாயில் பாதி விலைதான், அதை வாங்கலாமா?

பதில்: கீழமாசி வீதிக்குப் பிறகு வருவோம். முதலில் ஒரு மார்க்கர் பேனா வாங்கி அடுப்படி ஆணியில் கட்டித் தொங்கவிடுங்கள். பவுடரோ எண்ணெயோ சோப்போ, பிரிக்கிற அன்றே தேதியைப் பாக்கெட் மேல் எழுதிவிடுங்கள். தீரும் அன்று எத்தனை நாள் வந்தது என்று எண்ணுங்கள். விலையை எல்லோரும் பார்க்கிறோம், எத்தனை நாள் வந்தது என்று பார்ப்பவர்கள் குறைவு. பாக்கெட் பெரிதானால் கையும் பெரிதாகிவிடும். அரைக் கிலோ பவுடரில் கரண்டியால் அள்ளுகிறவர்கள், நாலு கிலோ பை வந்ததும் அப்படியே கவிழ்ப்பார்கள். என் வீட்டிலேயே நடந்த கூத்து இது. இரண்டு மாதம் வரும் என்று வாங்கிய பை முப்பத்தெட்டாம் நாள் காலி.

உங்கள் வீட்டில் பவுடர் அதிகம் போகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. துவைத்துக் காய்ந்து மடித்து வைத்த துண்டு ஒன்றை எடுத்து, ஒரு வாளி வெறும் தண்ணீரில் முக்கிக் கசக்குங்கள். நுரை வந்தால், தேவைக்கு மேல் போட்டிருக்கிறீர்கள் அல்லது சரியாக அலசவில்லை. அடுத்த முறை பவுடரைக் கால் பங்கு குறைத்து, துணியை அரை மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். அழுக்கு போகிறதா? போகிறது என்றால் அதுதான் உங்கள் அளவு. பாக்கெட்டுக்குள் ஒரு பழைய மருந்து மூடியைப் போட்டு வைத்து அதால் மட்டும் அளந்து போடுங்கள்.

போர் தண்ணீரில் துவைப்பவர்களுக்கு நுரை சரியாக வராது. தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகப் படிவதுதான் காரணம். நுரை வரவில்லையே என்று இன்னும் சோப்பைத் தேய்த்தால் காசுதான் கரையும். வாளிக்கு ஒரு சிறு கரண்டி சலவைச் சோடாவை முதலில் கரைத்துவிட்டால் தண்ணீரின் கடினம் குறையும். கைக்குப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தோலை வறட்டிவிடும். குழாயில் நல்ல தண்ணீர் வரும் நாளில் குழந்தைத் துணிக்கென்று ஒரு குடம் தனியாகப் பிடித்து வைத்தால் சோடாவும் வேண்டாம்.

இனி டயப்பர். உங்கள் 9,000-ல் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு டயப்பர் 11 ரூபாய், ஒரு நாளைக்கு ஆறு என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,980 ரூபாய். மாமியார் சொல்வதில் பாதி சரி. முழுக்கத் துணிக்கு மாறினால் ராத்திரியில் நாலு தடவை எழுந்திருக்கப்போவது நீங்கள்தான், மாமியார் இல்லை. எனவே ராத்திரிக்கு ஒன்று, வெளியே போகும் நாளில் கூடுதலாக ஒன்றிரண்டு என்று வைத்துக்கொண்டு, பகல் முழுவதும் துணிக்கு மாறுங்கள். மாதம் 40 டயப்பர் என்றால் 440 ரூபாய்தான். துணி துவைக்கிற பவுடரையும் சேர்த்தால்கூட ஆயிரத்துக்கு மேல் மிச்சம்.

துணிக்காகக் கடைக்குப் போக வேண்டாம். மாமியாரின் பழைய சுங்குடிச் சேலை ஒன்று, மாமனாரின் நைந்த வேட்டி இரண்டு கேட்டு வாங்குங்கள். பல வருடம் துவைத்த பருத்தி போல ஈரம் உறிஞ்சுவது வேறில்லை. சதுரமாகக் கிழித்து ஓரம் அடித்தால் இருபது, இருபத்தைந்து துணி தேறும். மலம் பட்டதை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். சுடுதண்ணீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். வாசனைக்காகப் போடும் கண்டிஷனர் இந்தத் துணிக்கு வேண்டவே வேண்டாம், ஈரம் உறிஞ்சாமல் போய்விடும். மொட்டை மாடியில் மதுரை வெயில் இருக்கும்போது கிருமிநாசினிக்குத் தனியாகக் காசு எதற்கு? ஒன்று மட்டும்: மிச்சம் பிடிக்கிறேன் என்று நனைந்த டயப்பரை மணிக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். தோல் சிவந்து புண்ணானால் டாக்டர் பீஸ் எல்லா மிச்சத்தையும் சாப்பிட்டுவிடும். டயப்பரில் ஜம்போ பாக்கெட்டும் வேண்டாம். பிள்ளை அடுத்த சைஸுக்குப் போய்விட்டால் பாதி பாக்கெட் அலமாரியில் தூங்கும்.

பெரிய பாக்கெட் உண்மையிலேயே மலிவா என்று பார்க்க, எம்.ஆர்.பி. பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று போட்டிருப்பார்கள். அப்படிப் போட வேண்டும் என்பது விதி. ஆனால் அதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் கணக்கு, அதற்கு மேல் கிலோ கணக்கு. சின்ன பாக்கெட்டில் கிராமுக்கு 0.12 என்று இருந்தால் கிலோ 120 என்று தோன்றும். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்தி முழுமையாக்குவதால் 115-ஆகவும் இருக்கலாம், கிட்டத்தட்ட 125-ஆகவும் இருக்கலாம். செல்போனில் விலையை எடையால் வகுத்துப் பார்த்துவிடுங்கள். எண்ணெயில் இன்னும் கவனம் தேவை. சில பாக்கெட் பார்க்க லிட்டர் பாக்கெட் மாதிரியே இருக்கும், உள்ளே 800, 850 மில்லிதான் இருக்கும். ஷாம்புவில் பல சமயம் பாட்டிலைவிடச் சாஷேதான் மலிவு, அளவும் தானாகக் கட்டுப்படும்.

குளியல் சோப்பில் டி.எஃப்.எம். எண்ணை, அதாவது சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புச் சத்தின் அளவைப் பாருங்கள். 76 சதவீதமும் அதற்கு மேலும் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். மலிவு என்று வாங்கும் சோப்பு ஈரத்தில் கூழாகிக் கரைந்தால் அது மலிவே இல்லை. எந்தச் சோப்பானாலும் தண்ணீர் வடிகிற டப்பாவில் வையுங்கள். பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் பாதியாக வெட்டி ஒரு துண்டை மட்டும் வெளியே வைத்தால் போதும்.

சரி, கீழமாசி வீதி. போகலாம், ஆனால் மாதாமாதம் வேண்டாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் உங்களுக்குப் போகிற செலவு இல்லை. பத்து மாதக் குழந்தையோடு மூட்டை தூக்குவதுதான் கஷ்டம், கணவரின் லீவு நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். புளி, மிளகாய் வற்றல், மல்லி, மஞ்சள் இந்த நாலுக்கும் அங்கே போவது லாபம். மாசி, பங்குனியில் புதுப் புளி வரும், ராமநாதபுரம் பக்கத்துக் குண்டு மிளகாயும் அந்தச் சமயத்தில்தான் இறங்கும். அப்போது வாங்கி நாலு நாள் வெயிலில் காயவைத்து, புளியைக் கொட்டை எடுத்து உப்புப் போட்டு அடைத்தால் வருடம் முழுக்க வரும். மூன்று பேருக்கு முதல் வருடம் மூன்று கிலோ புளி போதும். ரவை, கோதுமை மாவு, கடலை மாவு இவற்றை மொத்தமாக வாங்காதீர்கள், உங்களுக்கு முன்னால் வண்டு சாப்பிட்டுவிடும். அரிசியில் 26 கிலோ மூட்டை பார்த்தால் குழம்ப வேண்டாம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததால் ஒரு கிலோ கூட்டிக் கட்டுகிறார்கள். 25-ஐயும் 26-ஐயும் கிலோ கணக்கில்தான் ஒப்பிட வேண்டும்.

ரேஷன் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. உங்கள் பெயர் இன்னும் அம்மா வீட்டு அட்டையிலேயே இருக்கிறதோ? அப்படியானால் இருவர் பெயரையும் பெற்றோர் அட்டைகளில் நீக்கி, திருமணப் பதிவுச் சான்றோடு தனி அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பிறப்புச் சான்று கொடுத்துக் குழந்தை பெயரையும் சேருங்கள். அரிசி அட்டை கிடைத்தால் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கடையில் பருப்பு விற்கிற விலைக்கு அந்த ஒரு கிலோவே பெரிய விஷயம். காய்க்கு, பழங்காநத்தம் உழவர் சந்தை உங்கள் பக்கம்தானே. காலையில் சீக்கிரம் போனால் நல்ல காய், விலைப் பலகையும் இருக்கும்.

கடைசியாக அந்தச் சைக்கிள் பினாயில். வாங்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு கலந்தது என்று லேபிள் கிடையாது. பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றித் தருவார்கள், உங்கள் பிள்ளை இப்போது தவழ்கிற வயது. கழிவறைக்கு ஆசிட் ஊற்றுகிற நாளில் பிளீச்சிங் பவுடரைப் பக்கத்தில்கூட கொண்டு போகாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் குளோரின் வாயு வரும். தரை துடைக்க லேபிள் உள்ள சின்ன பாட்டில் ஒன்று, வாளிக்கு ஒரு மூடி. அதையும் பரண் மேல் வையுங்கள், வாங்கிய தேதியை எழுதி.