பைகார்பனேட் 16-ஆ, 22-ஆ? வாசகர் கேள்விகள்

கே: ரிப்போர்ட்டில் பைகார்பனேட் இல்லை, 'டோட்டல் சிஓ2 - 24' என்றுதான் இருக்கிறது. தனியாக எடுக்கணுமா?

ப: வேண்டாம். அதில் சுமார் 95 சதவீதம் பைகார்பனேட்தான், அதாவது ரத்தத்தில் அமிலத்தைச் சமன் செய்யும் பொருள்; அமிலம் சேர்ந்தால் இது குறையும். 24 நார்மல்.

கே: எனக்கு பைகார்பனேட் 19. ஆபத்தா?

ப: வயதையும் எழுதவில்லை, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் எழுதவில்லை. நாள்பட்ட வயிற்றுப்போக்கிலும் 19 வரும், கிட்னி பழுதிலும் வரும். எத்தனை முறை சொல்வது? சோடியம், குளோரைடு, கிரியேட்டினின் மூன்றும் இல்லாமல் இந்த ஒற்றை எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முழு ரிப்போர்ட்டோடு எழுதுங்கள்.

கே: அப்பாவுக்கு கிரியேட்டினின் 2.1. திங்களன்று வீட்டில் வந்து ரத்தம் எடுத்தார்கள், பைகார்பனேட் 16. வியாழனன்று லேபிலேயே எடுத்தோம், 22. மருந்து மாறவில்லை, சோடியம், குளோரைடும் அப்படியே. எதை நம்புவது?

ப: விவரமாக எழுதியதற்கு நன்றி. எனக்கு முதல் சாம்பிள் மேல்தான் சந்தேகம். டியூபின் மூடியைத் திறந்து வைத்தால் கார்பன் டை ஆக்சைடு காற்றில் போய்விடும், திறந்த சோடா பாட்டில் மாதிரி. ஒரு மணி நேரத்தில் பைகார்பனேட் சில புள்ளிகள் இறங்கிவிடும். டியூபைப் பாதி மட்டும் நிரப்பினாலும் குறையும். பைக்கில் வெயிலில் சுற்றி மதியம் லேபுக்குப் போனால், அதற்குள் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை விட்டிருக்கும், அதுவும் பைகார்பனேட்டைக் குறைக்கும்.

ஒருவருக்கு 15 என்ற ரிப்போர்ட்டை நம்பி நான் சோடா மாத்திரை (சோடியம் பைகார்பனேட்) ஆரம்பித்தேன். பத்து நாளில் கால் வீங்கி வந்தார். மாத்திரையை நிறுத்தி, சில நாள் கழித்து என் கண்ணெதிரே ரத்தம் எடுக்க வைத்தேன்: 24. அதிலிருந்து திரும்ப எடுத்துப் பார்க்காமல் மாத்திரை எழுதுவதில்லை. அப்பாவுக்கும் இன்னொரு முறை லேபுக்கே போய்க் கொடுங்கள். டியூப் நிறையட்டும், மூடி திறக்கக் கூடாது. அதுவும் 22 என்றால் இப்போதைக்கு மாத்திரை தேவைப்படாது.

கே: சோடா மாத்திரைக்குப் பதில் சமையல் சோடா ஒரு ஸ்பூன் போதுமா?

ப: கூடவே கூடாது. ஒரு டீஸ்பூன் என்பது ஏறக்குறைய பத்து 500 மி.கி. மாத்திரை. சோடியம் மட்டும் 1.2 கிராம் சேரும், பிரஷர் எகிறும்.

கே: அம்மா சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு நாளாக வாந்தி. சர்க்கரை 180, பைகார்பனேட் 12. சர்க்கரை ஏறவில்லையே, அட்மிஷன் அவசியமா?

ப: இவருக்கு அன்றே பதில் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே. அவசியம், அன்றைக்கே. இந்த வகை மாத்திரையில் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே, உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வரும் கீட்டோ அமிலம் ரத்தத்தில் சேரும். வாந்தி ஆரம்பித்ததுமே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.