புதுக் கம்பி மாட்டியதும் ஜாஸ் பேஸ் கிட்டார் கணகணக்கிறதா?
கம்பி அதிர்வைப் பிடிக்கும் இரண்டு பிக்கப்புகளில், பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) பக்கம் இருப்பதன் வால்யூமைப் பாதிக்கு இறக்குங்கள், டோன் குமிழையும் அப்படியே. ஆம்ப்பில் பேஸ் குமிழை ஏற்றாதீர்கள். கதகதப்பு வராது, ஒலி குழம்பும்.

நீங்கள் மாட்டியது பெரும்பாலும் ரவுண்ட்வவுண்ட் கம்பியாக, அதாவது மேலே உருண்டைக் கம்பி சுற்றியதாக, இருக்கும். புதிதில் அது அப்படித்தான் கணகணக்கும்.

பிரிட்ஜ் அருகே கம்பிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் செருகி, நெக் முடியும் இடத்தில் விரல் சதையால் மீட்டிப் பாருங்கள். அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனத்தில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பிரிசிஷன் பேஸ் கிட்டாரிலும் ஸ்பாஞ்சும் பிளாட்வவுண்ட் (தட்டைப் பட்டை சுற்றிய, வழவழப்பான) கம்பியும்தான். அந்த ஒலி எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை! உங்களுக்கும் பிடித்தால் பிளாட்வவுண்டுக்கு மாறுங்கள்.

ஆனால் அவற்றில் பலவற்றின் இழுவிசை அதிகம். நெக் வளைந்தால் அதன் உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருத்த வேண்டிவரும். அப்புறம், இரண்டு பிக்கப்புகளின் வால்யூமும் சமமாக இல்லாதபோது லேசான ஹம் (உறுமல்) கேட்கும். அது பழுதல்ல.