அயர்லாந்தில் புனித பேட்ரிக் நாள் என்றால் பச்சை உடையும் பீரும் மட்டும்தானா? அந்த ஊர்க்காரர்கள் உண்மையில் எப்படிக் கொண்டாடுகிறார்கள்?

இல்லை. கார்க் கவுண்டியில் ஒரு சிற்றூரில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். இங்கே வருவதற்கு முன் எனக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது. அதை மாற்றியவர் நான் முதலில் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா. அப்போதே எண்பதை நெருங்கியிருந்தார்.

மார்ச் 17-இல் வரும் பண்டிகைக்குப் பத்து நாள் முன்பு, காலையில், கொல்லைப்புறப் புல்தரையில் குந்தி எதையோ பறித்துக்கொண்டிருந்தார். ஷாம்ராக். நம் ஊர்ப் புளியாரையை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் போலவே மூன்று இலை, ஆனால் இது குளோவர் என்னும் தீவனப் பூண்டின் இளந்தளிர். (எது உண்மையான ஷாம்ராக் என்பதில் ஊருக்கு ஊர் வழக்கு உண்டு. 1890-களில் கோல்கன் என்பவர் நாடு முழுவதிலிருந்தும் வேரோடு வரவழைத்து, வளர்த்து, பூக்க வைத்துப் பார்த்தார். ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் தேறின.) அந்த அம்மா அதை ஈரப் பஞ்சில் சுற்றித் தட்டையான பழைய மிட்டாய் டப்பாவில் வைத்தார். மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, இங்கிலாந்தில் கவண்ட்ரி நகரில் இருந்த அக்காவின் முகவரியை எழுதினார். 1950-களில், பதினெட்டு வயதில், நர்ஸ் பயிற்சிக்கென்று கப்பலேறிய அக்கா. முதலில் அவர்களுடைய தாய் அனுப்பிக்கொண்டிருந்தார். தாய் போன பிறகு தங்கை. போய்ச் சேர்வதற்குள் வாடிவிடாதா என்று கேட்டேன். "வாடித்தான் இருக்கும். தண்ணீரில் போட்டு வைப்பாள். பதினேழாம் தேதி காலையில் அது அவள் கோட்டில் இருக்க வேண்டும்" என்றார்.

இந்த நாளின் உயிர் அந்த டப்பாவில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. பிரிந்து போனவர்களுக்கும் ஊரோடு இருந்துவிட்டவர்களுக்கும் பொதுவான நாள் இது.

பேட்ரிக்கே ஊரைவிட்டுப் பிய்த்தெடுக்கப்பட்டவர்தான். அவர் பிறந்தது அயர்லாந்தில் அல்ல, ரோமானியர் ஆண்ட பிரிட்டனில். ஐந்தாம் நூற்றாண்டு. பதினாறு வயதில் அயர்லாந்துக் கொள்ளையர்கள் அவரைப் பிடித்துவந்து அடிமையாக்கினார்கள். ஆறு ஆண்டுகள் ஆடு மேய்த்துவிட்டுத் தப்பி ஊர் போய்ச் சேர்ந்தார். பிறகு ஒரு கனவு: ஒருவர் கடிதக் கட்டோடு வருகிறார், அதில் ஒரு கடிதம் 'அயர்லாந்துக்காரர்களின் குரல்' என்று தொடங்குகிறது, மீண்டும் எங்களிடையே வந்து நட என்று அவர்கள் கூப்பிடுகிறார்கள். தன்னை அடிமையாக வைத்திருந்த நாட்டுக்கே சமயப் பணிக்குத் திரும்பினார். இவையெல்லாம் அவரே லத்தீனில் எழுதிய ஒப்புதல் நூலில் இருக்கின்றன. பாம்புகளை விரட்டிய கதை அதில் இல்லை. பனியுகத்துக்குப் பின் இந்தத் தீவில் பாம்பே கிடையாது. மூன்று இலையைக் காட்டித் திரித்துவத்தை (தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை) விளக்கிய கதையும் அதில் இல்லை, அது பல நூற்றாண்டுகள் கழித்து எழுத்தில் வந்தது.

அவர் ஆடு மேய்த்ததாகச் சொல்லப்படும் ஸ்லெமிஷ் குன்று ஆன்ட்ரிம் கவுண்டியில் இருக்கிறது. மார்ச் 17 அன்று மக்கள் அதில் ஏறுகிறார்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1814-இல் பிறந்ததும் அதே ஆன்ட்ரிமில்தான்.

பிரிவு என்று சொன்னேன் அல்லவா, அதன் அளவைப் பாருங்கள். 1841 கணக்கெடுப்பில் இந்தத் தீவில் சுமார் 82 லட்சம் பேர். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். இன்றுவரை தீவின் மக்கள்தொகை அந்தப் பழைய அளவை எட்டவில்லை.

வெளியே போனவர்கள்தான் இந்த நாளைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். நியூயார்க்கில் 1762-இலேயே ஊர்வலம் நடந்தது. டப்ளினில் அரசு ஊர்வலம் தொடங்கியது 1931-இல். டப்ளினின் பெரிய திருவிழா 1996-இல் பிறந்தது. சிகாகோ ஆற்றைப் பச்சையாக்குவதும் 1962 முதல் நடக்கும் அமெரிக்க வழக்கம். பேட்ரிக்குக்கு உரிய நிறமாக முன்பு நீலமும் இருந்தது, அயர்லாந்துக் குடியரசுத் தலைவரின் கொடி இன்றும் நீலம்தான். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து 1798-இல் எழுந்த கிளர்ச்சியாளர்கள் அணிந்த பிறகு பச்சை நாட்டின் நிறமாகவே ஆகிவிட்டது.

குடியைப் பற்றிக் கேட்டீர்கள். 1927-இல் வந்த சட்டப்படி இந்த நாளில் மதுக்கடைகள் மூடியிருந்தன, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக! அந்தத் தலைமுறைக்கு இது முதலில் கோயில் நாள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் நடுவே வருவதால், இனிப்பை விட்டிருந்த பிள்ளைகளுக்கு இந்த ஒரு நாள் விலக்கு. அதற்காகவே காத்திருந்ததாக என் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் கண் விரியச் சொல்கிறார். மதியம் உப்பிட்ட பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும். இந்த நாளை ஒட்டி விதை உருளைக்கிழங்கு மண்ணுக்குள் போக வேண்டும் என்பார்கள். பஞ்சத்தைக் கண்ட மண்ணில் அந்த வழக்கம் தொடர்வதைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. இரவு கடைசிக் கோப்பையில் கோட்டிலிருந்த ஷாம்ராக்கைப் போட்டுக் குடித்துவிடுவதும் உண்டு.

எங்கள் ஊர் ஊர்வலம் இருபது நிமிடம்தான். முன்னால் தீயணைப்பு வண்டி, பின்னால் வரிசையாக டிராக்டர்கள், மழையில் நனைந்த பள்ளி இசைக்குழு. ஹர்லிங் என்னும் ஐரிஷ் மட்டைப் பந்தாட்டம் ஆடும் பிள்ளைகளோடு என் மகளும் மட்டையைத் தோளில் சாய்த்தபடி நடந்தாள். பார்க்க நின்றவர்களும் நடந்தவர்களும் பாதிக்குப் பாதி. ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கைதட்டுகிறார்கள். நீங்கள் வருவதானால் டப்ளினைவிட இப்படி ஒரு சிற்றூருக்கு வாருங்கள். 'பன்னக்தி நா ஃபேலே பாட்ரிக்' என்று ஐரிஷ் மொழியில் வாழ்த்திப் பாருங்கள். பேட்ரிக் திருநாள் ஆசிகள் என்று பொருள். அந்த முகம் மலர்வதை மறக்க மாட்டீர்கள்.

கவண்ட்ரி அக்கா இப்போது இல்லை. டப்பா அவருடைய மகளுக்குப் போகிறது. அந்த மகள் கவண்ட்ரியிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டுக்கார அம்மாவால் இப்போது குந்த முடிவதில்லை. சென்ற மார்ச்சில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து கைகாட்ட, நான்தான் பறித்தேன். "வேரோடு எடு, வேரோடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.