காரணி தெரியாமலேயே பகு எண் என்று சொல்ல முடியுமா?

கேள்வி: 300 இலக்க எண் ஒன்று பகா எண்ணா, பகு எண்ணா என்பதைக் கணினி நொடியில் சொல்லிவிடுமாம்; ஆனால் அதன் காரணிகளைக் கண்டுபிடிக்க எந்தக் கணினியாலும் இயலாதாம். காரணி தெரியாமல் பகு எண் என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்? — கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: பள்ளியில் நாம் கற்ற சோதனை 2, 3, 5, 7 என்று வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்ப்பது மட்டுமே. அதில் தீர்ப்பும் காரணியும் ஒன்றாகவே கிடைத்துவிடுவதால், இரண்டும் ஒரே கேள்வி என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அவை வெவ்வேறு கேள்விகள்.

2-ஐத் தவிர எந்தப் பகா எண்ணை எடுத்துக்கொண்டாலும், அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும் என்பது, 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலர் ஃபெர்மா கண்ட தேற்றத்தின் ஒரு பகுதி. 91-ஐச் சோதிப்போம். 2-இன் 12ஆம் அடுக்கு 4096. அதை 91-ஆல் வகுத்தால் மீதி 1. 90 என்பது ஏழு பன்னிரண்டும் ஓர் ஆறும் ஆதலால், 90ஆம் அடுக்கு தரும் மீதி 6ஆம் அடுக்கு தருவதேயாகும், அதாவது 64. மீதி 1 அல்ல. ஆகவே 91 பகு எண். இந்தக் கணக்கில் 7-உம் 13-உம் எங்கும் தலைகாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். 300 இலக்க எண்ணாயினும், ஒவ்வொரு படியிலும் வர்க்கப்படுத்தி மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 1000 படிகளில் வேலை முடிந்துவிடும்.

வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 2-இன் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 21 இலக்க எண்ணைப் பகா எண் என்று 1644இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் பட்டியலிட்டிருந்தார். அது பகு எண் என்று 1876இல் பிரெஞ்சுக் கணிதவியலர் லூக்கா வேறொரு சோதனையால் நிறுவினார். ஆனால் ஒரு காரணியைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. 19,37,07,721 என்பதும் 7,61,83,82,57,287 என்பதும் அதன் காரணிகள் என்று 1903இல்தான் அமெரிக்கக் கணிதவியலர் கோல் காட்டினார்.

ஃபெர்மாவின் சோதனைக்கு ஓர் ஓட்டை உண்டு. 341 என்பது 11, 31 ஆகியவற்றின் பெருக்கல். ஆயினும் 2-ஐக் கொண்டு சோதித்தால் மீதி 1 வந்து ஏமாற்றும். 2-க்குப் பதிலாக 3-ஐ அதே அடுக்குக்கு உயர்த்திச் சோதித்தால் மீதி 56 வந்து குட்டு வெளிப்படும். 561 போன்ற கார்மைக்கேல் எண்களோ, அவற்றோடு பொதுக்காரணி இல்லாத எந்த எண்ணைக் கொண்டு சோதித்தாலும் தப்பிவிடும். இந்த ஓட்டையை அடைத்துக் கூர்மையாக்கியதுதான் இன்று பரவலாகப் பயன்படும் மில்லர்–ராபின் சோதனை. அதில், தன்னிச்சையாகத் தேர்ந்த எண்ணைக் கொண்டு நடத்தும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகு எண் தப்பும் வாய்ப்பு கால் பங்குக்கு மேற்படாது. 20 சுற்றுகளில் அது லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. கணிதவியலருக்கு அந்த ஐயமும் உறுத்தவே செய்தது. ஐயத்துக்கே இடமின்றி, இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மிதமாகவே கூடும் நேரத்தில் தீர்ப்பளிக்கும் முறையை 2002இல் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் வெளியிட்டனர். நடைமுறையில் அது மெதுவானது என்பதால் கணினிகள் பழைய சோதனைகளையே நாடுகின்றன.

உங்கள் கேள்வியில் ஒரு திருத்தம்: காரணிகளைக் கண்டுபிடிக்க எந்தக் கணினியாலும் இயலாது என்று எவரும் நிரூபித்துவிடவில்லை. இன்றைய சாதாரணக் கணினிகளில் அதை விரைவாகச் செய்யும் வழி இதுவரை அறியப்படவில்லை என்பதே சரி.