மாமியாரின் முழங்காலும் மூன்று கார்களும்

கேள்வி: வீட்டில் ஆறு பேர். நான், கணவர், 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமனார், முழங்கால் வலியுள்ள மாமியார். நானும் கணவரும் ரெனோ ட்ரைபர், மாருதி எர்டிகா, கியா கேரன்ஸ் மூன்று கார்களையும் ஓட்டிப் பார்த்துவிட்டோம். அவருக்குக் கேரன்ஸ்தான் பிடித்திருக்கிறது. மாமனார், விலை குறைவு என்று ட்ரைபரைச் சொல்கிறார். மாதம் ஒருமுறை திருநெல்வேலிக்கும் வருடம் இரண்டு முறை கொடைக்கானலுக்கும் போவோம். எதை வாங்கலாம்?
– மதுரை வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

யாருக்காக ஏழு சீட் வண்டி தேடுகிறீர்களோ, அவர்கள் யாரும் இன்னும் அதில் உட்கார்ந்து பார்க்கவில்லை. அதனால் முடிவெடுக்கும் முன் இன்னொரு முறை ஷோரூமுக்குப் போங்கள், ஆறு பேரும்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து தேறிய சமயத்தில் ஒரு கார் வாங்கினோம். ஓட்டிப் பார்த்தது நானும் தம்பியும் மட்டும். வண்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் சீட் அவருக்குத் தாழ்வு என்று தெரிந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைப்பார். இறங்கும்போது கதவைப் பிடித்து உடம்பை மேலே இழுப்பார். ஒருநாளும் குறை சொல்லவில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டால் மட்டும், "நீங்க போயிட்டு வாங்க" என்பார். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

சரி, வண்டிகளுக்கு வருவோம். ட்ரைபர் 4 மீட்டருக்குள் அடங்கும் வண்டி, இன்ஜின் 1 லிட்டர். 2025 செப்டம்பர் முதல் இத்தகைய சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். மற்ற இரண்டுக்கும் 40. மாமனார் சொல்லும் விலை வித்தியாசத்தில் இதற்கும் பங்கு உண்டு. ஊருக்குள் ஓட்ட நல்ல வண்டி. ஆனால் 72 குதிரைத்திறனில் ஆறு பேரும் பெட்டியும் ஏசியுமாக வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறுவதை யோசியுங்கள். மூன்றாம் வரிசையில் ஆள் இருந்தால் டிக்கியில் மிஞ்சுவது 84 லிட்டர் இடம், பிள்ளைகளின் புத்தகப்பை அளவுக்குத்தான். உங்கள் குடும்பத்துக்கு அது வேண்டாம்.

எர்டிகாவில் அந்த இடம் 209 லிட்டர், கேரன்ஸில் 216. இதில் பெரிய வித்தியாசம் இல்லை. எர்டிகாவில் சிஎன்ஜி வாங்கினால் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும், அதனால் பெட்ரோலே போதும். பின்வரிசைக்குப் பிள்ளைகள்தான் போவார்கள். கேரன்ஸில் பொத்தானை அழுத்தினால் நடுசீட் மடங்கி வழிவிடும். எர்டிகாவில் கையால் மடக்க வேண்டும், அதைப் பெரியவனே செய்கிறானா என்று பாருங்கள்.

எர்டிகாவில் எனக்கு ஒரு கவலை உண்டு. 2024-இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு காரை மோதவிட்டுப் பார்க்கும் பாதுகாப்புச் சோதனையில், இரண்டு ஏர்பேக் வைத்த எர்டிகா வயதுவந்தோர் பாதுகாப்பில் ஐந்துக்கு ஒரே நட்சத்திரம்தான் வாங்கியது. இப்போது ஆறு ஏர்பேக் வருகிறது. என்றாலும் மாதத் தவணை கழுத்தை நெரிக்காது என்றால் கேரன்ஸ் பக்கமே சாய்வேன். எதை எடுத்தாலும் பின்வரிசையிலும் பெல்ட் போடாமல் வண்டியைக் கிளப்பாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியாரை அழைத்துப் போய், வழக்கமாகக் கட்டும் புடவையில், வழக்கமான செருப்போடு ஏறச் சொல்லுங்கள். முன்சீட்டில் ஒருமுறை, நடுசீட்டில் ஒருமுறை. கை கொடுக்காமல் தள்ளி நில்லுங்கள். "வசதியா இருக்கா அத்தை?" என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார். எழும்போது அவர் கை எதைத் தேடுகிறது என்று மட்டும் கவனியுங்கள்.