பெர்க்லியா, டேவிஸா: டாக்டராக நினைக்கும் மகளின் அம்மாவுக்கு

நீங்கள் எழுதியதில் முக்கால்வாசி, மகளுக்கு இடம் கிடைத்த கலிஃபோர்னியா பல்கலைக்கழக (யூ.சி.) வளாகங்களான பெர்க்லி, சான் டியேகோ, டேவிஸ் மூன்றில் எது என்பதுதான். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள்: மகள் சென்னையில் பிறந்தவள், இன்னும் எச்-4 (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து பிள்ளைக்குக் கிடைக்கிற விசா), தம்பிதான் இங்கே பிறந்தவன். நான் அந்த வரியிலிருந்து தொடங்குகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

21 வயதானால் எச்-4 போய்விடும். உங்கள் கிரீன் கார்டு அதற்குள் வராவிட்டால் (இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை எப்படி நகர்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை) மூன்றாம் வருஷம் படிக்கும்போது அவள் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களின் விண்ணப்பத்தை இங்குள்ள பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் எடுத்துப் பார்ப்பதே இல்லை. பார்க்கிற கல்லூரிகளிலும் சில, பல வருஷக் கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் காட்டச் சொல்லும். இது எந்த யூ.சி.யைத் தேர்ந்தெடுத்தாலும் மாறப்போவதில்லை, ஆனால் அவளிடம் இந்த விஷயத்தை யாராவது பேசியிருக்கிறீர்களா? பேசாத வீடுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பிள்ளை மூன்றாம் வருஷத்தில் எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது தானாகவே கண்டுபிடித்து அழும்.

இந்த மாதமே இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் வக்கீலிடம் சி.எஸ்.பி.ஏ. (குடியேற்றத்தில் பிள்ளைகளின் வயதைக் கணக்கிடுகிற சட்டம்) கணக்குப்படி அவளுக்கு எப்போது 21 ஆகும் என்று கேளுங்கள். அந்தச் சட்டத்தில் கிரீன் கார்டு மனு நிலுவையில் இருந்த நாட்களை வயதிலிருந்து கழிக்கிற வழி உண்டு, சிலருக்கு அது கை கொடுக்கிறது. அடுத்தது, மூன்று வளாகத்திலும் யார் மாநிலவாசி என்று முடிவு செய்கிற ரெசிடென்சி அலுவலகத்துக்கு ஈமெயில் போட்டு, நடுவில் எஃப்-1 ஆனால் அவளுக்குக் கலிஃபோர்னியா கட்டணமே தொடருமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வெளியார் கட்டணம் என்றால் வருஷத்துக்கு 35,000 டாலருக்கு மேல் கூடுதல். போனில் சொன்னார்கள் என்பதெல்லாம் நாளைக்கு நிற்காது.

சரி, இப்போது பெர்க்லி.

உங்கள் கணவர் "பெர்க்லி கிடைத்தும் டேவிஸுக்குப் போவதா, நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்கிறார். அவர் நிற்கிற இடம் எனக்குப் புரிகிறது. நாமெல்லாம் கட்-ஆஃப் பார்த்து வளர்ந்தவர்கள். ஊரில் ரேங்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, கிடைக்கிறதில் பெரிய கல்லூரியை எடுப்பதுதான் புத்திசாலித்தனம், ஏனென்றால் அங்கே அந்தச் சீட்டே டாக்டர் சீட்டு. இங்கே அவள் இப்போது எடுக்கப்போவது வெறும் வாசல்தான். நாலு வருஷம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து விண்ணப்பம். ஒவ்வொரு வருஷமும் 50,000 பேருக்கு மேல் போடுகிறார்கள், சேர்வது ஏறக்குறைய 23,000 பேர். சேர்ந்தவர்களின் சராசரி ஜி.பி.ஏ. (4.0க்குக் கணக்கிடுகிற கல்லூரி மதிப்பெண்) 3.75ஐத் தாண்டி நிற்கிறது, எம்கேட் 528க்கு 511 வாக்கில். பெர்க்லியில் வாங்கிய 3.4ஐ "அங்கே கஷ்டம்பா" என்று தூக்கிவிட்டுப் பார்க்க யாரும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. பெயருக்குக் கொஞ்சம் மதிப்பு இருக்கலாம், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் 3.4க்கும் 3.8க்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை அது மூடாது.

அந்த ஜி.பி.ஏ. கணக்கும் கொஞ்சம் கறாரானது. விண்ணப்பத்தில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் தனியாக ஒரு ஜி.பி.ஏ. போடுவார்கள். ஏ ப்ளஸ் வாங்கினாலும் 4.0தான், ஏ மைனஸ் என்றால் 3.7. ஒரு பாடத்தைத் திரும்ப எழுதினால் பழைய மதிப்பெண் மறையாது, இரண்டும் சேரும். உங்கள் மகள் பதினோராம் வகுப்புக் கோடையில் ஓலோனி கல்லூரியில் எடுத்ததாகச் சொன்ன அந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதில் வாங்கிய பி, அதுவும் சேரும். பள்ளியில் படிக்கும்போது எடுத்ததுதானே என்று விட்டுவிட முடியாது.

போன வருஷம் ஒரு பையன் என்னிடம் வந்தான். பெயர் பெற்ற ஒரு பெரிய வளாகம், எது என்பது வேண்டாம். முதல் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி மிட்டெர்ம் விடைத்தாளின் படத்தை இன்னும் போனில் வைத்திருந்தான். நூற்றுக்கு 47, மேலே சிவப்பில் வட்டம். வகுப்புச் சராசரியும் அதற்குப் பக்கத்தில்தான் என்பதால் கடைசியில் பி கிடைத்தது. அவன் முட்டாள் இல்லை. பள்ளியில் தனியாக உட்கார்ந்து படித்தே முதலிடம் வாங்கியவனுக்கு, நானூறு பேர் அரங்கில் போய் உதவி கேட்கக் கூச்சம். பேராசிரியரிடம் சந்தேகம் கேட்கிற ஆஃபீஸ் ஹவர்ஸுக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. இப்போது பட்டம் முடித்துவிட்டு, ஜி.பி.ஏ.யைத் தூக்குவதற்காகவே மேலும் இரண்டு வருஷம் பாடங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

உங்கள் மகள் எப்படி? தெரியாததைத் தெரியாது என்று எழுந்து கேட்பாளா, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாளா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவது ரகம் என்று தோன்றுகிறது. அப்படியானால் என் ஓட்டு பெர்க்லிக்கு இல்லை.

அதற்காக டேவிஸும் சான் டியேகோவும் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். அவை இரண்டும் குவார்ட்டர் முறை, பத்து வாரத்தில் ஒரு பாடம் முடிந்துவிடும், மூன்றாவது நான்காவது வாரத்திலேயே மிட்டெர்ம் வந்து நிற்கும். ஜலதோஷத்தில் ஒரு வாரம் படுத்தால் பிடிப்பது கஷ்டம். பெர்க்லி செமஸ்டர் முறை, மூச்சு விட நேரம் உண்டு. இது பெர்க்லிக்குச் சாதகம், ஒத்துக்கொள்கிறேன். சான் டியேகோவில் இன்னொரு விஷயம், உள்ளே எட்டு கல்லூரிகள், எதில் விழுகிறாளோ அதைப் பொறுத்துப் பொதுப்பாடங்கள் மாறும். ரெவெல் கல்லூரி என்றால் இலக்கியம், வரலாறு, தத்துவம் சார்ந்த வாசிப்பும் எழுத்துமாக ஐந்து பாடம். அவளுக்கு எந்தக் கல்லூரி வந்திருக்கிறது என்று நீங்கள் எழுதவேயில்லை, பாருங்கள்.

"சான் டியேகோவிலும் டேவிஸிலும் சொந்த மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, உள்ளே இருக்கிற பிள்ளைக்கு முன்னுரிமை உண்டா" என்று கேட்டிருந்தீர்கள். அப்படி ஒதுக்கீடு எதையும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். இன்னொரு யூ.சி. வளாகமான ரிவர்சைடில் தன் மாணவர்களுக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள், ஆனால் நீங்கள் அங்கே விண்ணப்பிக்கவில்லை. பெர்க்லியில் தனி மருத்துவக் கல்லூரியே கிடையாது, அதனால் அங்கிருந்து டாக்டராகிறவர்கள் குறைந்துவிட்டார்களா என்ன.

மருத்துவமனை பக்கத்தில் இருப்பதால் வேறு ஒரு லாபம் உண்டு, அதைத்தான் பார்க்க வேண்டும். நோயாளியோடு பேசிப் பழகிய அனுபவம் இல்லாத விண்ணப்பம் எம்கேட் எவ்வளவு இருந்தாலும் தேறாது. கார் இல்லாத பத்தொன்பது வயசுப் பெண் செவ்வாய்க்கிழமை மதியம் லேப் முடிந்து எப்படிப் போய்ச் சேருவாள்? சான் டியேகோவில் மருத்துவமனை வளாகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, 2021இலிருந்து டிராலி ரயிலும் வந்துவிட்டது. பெர்க்லியிலிருந்து பார்ட் ரயில் பிடித்தால் ஓக்லாந்து குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகலாம். டேவிஸில் மருத்துவப் பள்ளியும் மருத்துவமனையும் வளாகத்தில் இல்லை, சாக்ரமென்டோவில் இருக்கின்றன, இது பலருக்குத் தெரியாது. ஆனால் அங்கே டேவிஸ் மாணவர்களே நடத்தும் இலவச கிளினிக்குகள் உண்டு. பால் ஹோம் ஆசியன் கிளினிக் 1972இலிருந்து நடக்கிறது. இளநிலை மாணவர்கள் அங்கே ரத்த அழுத்தம் பார்ப்பது, மொழிபெயர்ப்பது, நோயாளியை உள்ளே அழைத்துப் போவது என்று உண்மையான வேலை செய்கிறார்கள். மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்து வழி சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். டேவிஸ் பக்கம் நான் சாய்வதற்குப் பெரிய காரணம் இதுதான்.

பயாலஜிதான் மேஜராக எடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு: வேண்டாம். தேவையான அறிவியல் பாடங்களை முடித்தால் போதும், மேஜர் எதுவானாலும் சரி.

பணம். யூ.சி. கல்விக்கட்டணம் சுமார் 15,000 டாலர், வளாகத்தில் தங்கிச் சாப்பிட்டால் மொத்தம் 40,000ஐத் தாண்டும். ஃப்ரீமாண்டிலிருந்து பெர்க்லிக்குத் தினமும் பார்ட்டில் போய்வரலாம் என்று அவள் அப்பா கணக்குப் போட்டிருக்கிறார். மிச்சம் பிடிக்கலாம், வாஸ்தவம். ஆனால் கூடிப் படிக்கிற குழுக்கள் ராத்திரி ஒன்பது மணிக்குமேல்தான் உட்காரும், அவள் அப்போது ரயிலில் இருப்பாள். எங்கே போனாலும் இளநிலைக்குக் கடன் வாங்காமல் முடிக்கப் பாருங்கள். 2026 ஜூலையிலிருந்து கிராட் ப்ளஸ் என்ற மேற்படிப்பு அரசுக் கடன் புதியவர்களுக்கு இல்லை, மருத்துவப் படிப்புக்கு அரசுக் கடன் வருஷத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். அதுவும் கிரீன் கார்டு வந்த பிறகுதான் அவளுக்கு.

மே 1க்குள் சொல்ல வேண்டும். இடம் கிடைத்தவர்களை அழைத்து நடத்துகிற அட்மிட் டே கொண்டாட்டத்தன்று போகாதீர்கள், அன்றைக்கு எல்லா வளாகமும் கல்யாண வீடு மாதிரிதான் இருக்கும். ஒரு வேலைநாளில் ஃப்ரீமாண்ட் சென்டர்வில்லில் கேப்பிடல் காரிடார் ரயில் ஏறினால் பெர்க்லியிலும் நிற்கும், டேவிஸிலும் நிற்கும். ஒரு நாள் ஒன்று, இன்னொரு நாள் மற்றொன்று. அவள் தனியாகவே போகட்டும், பெரிய கெமிஸ்ட்ரி வகுப்பு ஒன்றில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும், வெளியே வருகிற பிள்ளைகள் இரண்டு பேரிடம் பேச்சுக் கொடுக்கட்டும். திரும்பி வந்ததும் நீங்கள் கேட்காதீர்கள், அவளாகச் சொல்லட்டும். அப்புறம் எனக்கு எழுதுங்கள், வக்கீல் சொன்ன தேதியோடு.