மாகாளிக்கிழங்கு ஊறுகாய் பத்து நாளில் பூசணம் பிடிப்பது ஏன்?

நறுக்கிய கையோடு தயிரில் போட்டதுதான் பெரும்பாலும் காரணம். உப்புப் பட்டதும் கிழங்கு (ஒரு காட்டுக்கொடியின் சதைப்பற்றான வேர்தான் இது) தண்ணீர் விடும், தயிர் நீர்க்கும், போட்ட உப்பு போதாமல் போகும். சென்னைப் புழுக்கத்தில் அதற்குமேல் பூசணம் பிடிக்க நாள் பார்க்குமா?

மார்கழி, தை வாக்கில் மயிலாப்பூர் மாட வீதியில் வாங்கும்போது கட்டைவிரல் தடிமன், ஒடித்தால் 'படக்' என்று முறிய வேண்டும். வளைந்தால் வாடல். ஒரு கிலோவை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டால் மண் இளகும், தோலும் சுலபமாகச் சுரண்ட வரும். பிறகு நீளவாக்கில் கீறி, நடுவில் இருக்கும் கட்டை நரம்பை முழுசாக உருவ வேண்டும். அது ஊறவே ஊறாது. சதையை மெல்லிசாக நறுக்க நறுக்க மோர்த்தண்ணீரில் போடவும், காற்றில் விட்டால் கறுக்கும். முக்கால் கிலோ தேறினால் நல்ல கிழங்கு.

துண்டுகளை வடித்து, ஈரம் போகத் துணியில் உலர்த்தி, 200 கிராம் கல்லுப்பு, எட்டுப் பத்து எலுமிச்சம்பழச் சாறு, இரண்டு ஸ்பூன் மஞ்சள்பொடியில் மூன்று நாள் ஊறவிடுங்கள். விடுகிற தண்ணீரெல்லாம் இங்கேயே விட்டுவிடும். நாலாம் நாள் 75 கிராம் மிளகாய்ப்பொடி, 50 கிராம் கடுகுப்பொடி, ஒரு லிட்டர் கெட்டிப் புளித்த தயிர். துண்டுகள் மேலே தலைகாட்டக் கூடாது. ஜாடி வாயைத் துணியால் வேடு கட்டி, தினமும் ஈரமில்லாத மரக்கரண்டியால் அடிவரை கிளறுங்கள். மூன்று வாரத்தில் பதம் வரும்.

இந்த ஊறுகாயில் அடிக்கும் மூட்டைப்பூச்சி வாசனை கெட்டதற்கு அடையாளமில்லை. வெனிலாவின் வாசனைப் பொருளான வெனிலினுக்கு நெருங்கிய உறவான ஒரு வேதிப்பொருள் வேரிலேயே நிறைய இருக்கிறது. (பிடிக்காதவர்களுக்கு எந்த விளக்கமும் எடுபடாது.)

நாட்டு வைத்தியத்தில் பசி எடுக்கவும் உடம்புச் சூட்டுக்கும் இந்தக் கிழங்கைக் கொடுப்பார்கள். நன்னாரிக்குப் பதிலாகவும் விற்கிறார்கள். நன்னாரி கம்பி மாதிரி மெலிசு, இது சதைப்பற்றானது. ஆனால் மருந்தென்று நினைத்து ஊறுகாயை அள்ளிச் சாப்பிட வேண்டாம், இவ்வளவு உப்பு இரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது.

மலைக்காட்டுப் புதர்க்கொடி இது. வேரோடு தோண்டினால் கொடியும் போச்சு, வரத்துக் குறைந்து விலை ஏறுவது அதனால்தான். எனவே ஒரு துண்டும் வீணாக வேண்டாம்: துண்டுகள் தீர்வதற்குள் தயிர் குறைந்தால், கெட்டித் தயிரில் உப்பைக் கலந்து அதே ஜாடியில் ஊற்றிக்கொள்ளலாம்.